சேணம்

மலைப்பக்க மாவட்டத்து மருந்துக் கிடங்கில்
பதினோரு வருடமாக எண்ணுகிறேன்.
குப்பி, ஊசி, பஞ்சு, கையுறை.
கணக்கு நேரானால்தான் எனக்குத் தூக்கம்.

லிமகாட்சோ வந்து நின்றாள்.
பூட்ஸில் பனிச்சேறு.
இத்தனை மலைக்கும் மனநலச் செவிலி அவள் ஒருத்திதான்.
"இந்த மாதம் நாற்பது குப்பி.
அப்புறம் ஒரு சேணம்."

பட்டியலில் சேணம் இல்லை என்றேன்.
பட்டியலைத் தன் பக்கம் திருப்பி
முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்,
நான் ஒளித்து வைத்திருப்பதுபோல.

ஜீப்புக்கு டீசல் இல்லை.
இருந்தாலும் செங்க்கு ஆற்றைத் தாண்டி
ஜீப் ஏறாது.
அந்தப் பக்கம், ஹா செபொத்தோவில் ஒருவர்:
சுரங்கத்தில் பாறை இறங்கிய நாள்முதல்
கூரைக்குக் கீழே படுப்பதில்லை.
ஜூலைக் குளிரிலும் ஆட்டுப்பட்டிச் சுவரோரம்
கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு.
அதற்கும் மேலே ஒருத்தி,
பால் குடிக்கும் குழந்தையைப் பார்த்து
இது யாருடையது என்று கேட்கிறாள்.
அவசரமே இல்லாமல், தினமும்.
அதற்கும் மேலே மொஹாபி.

மொஹாபியை நான் பார்த்ததில்லை.
பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே
மூன்று வருடமாக ஒரே சொல்:
வரவில்லை.
எப்படி வருவான்?
காளை கட்டும் சங்கிலி நாலரை முழம்.
அளந்துவிட்டு வந்திருக்கிறாள் லிமகாட்சோ.
அண்ணன் கெட்டவன் இல்லை என்றும் சொன்னாள்.
இரண்டு தடவை பனிக்குள்ளிருந்து
தம்பியைத் தோளில் தூக்கி வந்தவன்.
மூன்றாவது தடவையை நினைத்துப் பயந்து
கட்டிப் போட்டவன்.
சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
தூங்குகிறானாம், தூங்கினால்.

குதிரை கிடைத்துவிட்டது, இரவல்.
வெறும் முதுகில் ஏறிப்போனால்
பாதிக் குப்பி உடைந்துவிடுகிறது.

சரி என்று எழுதினேன்:
"ஊசி போடத் தேவையான துணைப்பொருள்.
தோலால் ஆனது. ஒன்று."

மசேருவிலிருந்து கேள்வி வந்தது.
எந்த நோய்க்கு?
எவ்வளவு காலத்துக்கு?
காலாவதி ஆகுமா?
எல்லா நோய்க்கும், என்று எழுதினேன்.
ஆற்றில் பாலம் வரும்வரைக்கும்.
காலாவதிக்கு மட்டும் ஒரு கோடு.

இரண்டு மாதம் கழித்துப் பெட்டி வந்தது.
பிரித்தோம்.
கட்டிலோடு நோயாளியைப் பிணைக்கிற
தோல்வார்கள். பளபளப்பாக, ஆறு.
கை இரண்டு, கால் இரண்டு, நெஞ்சு, இடுப்பு.
எந்தப் புண்ணியவானோ
என் வாக்கியத்தை நன்றாகத்தான் படித்திருக்கிறான்.

லிமகாட்சோ வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு நெஞ்சு வாரை எடுத்து
என் மேசையின் குறுக்கே இழுத்துப் பார்த்தாள்.
"நல்ல தோல்" என்றாள்.

செருப்புத் தைக்கும் ந்ட்சோவிடம் பழைய சேணக்கூடு ஒன்று கிடந்தது.
நெஞ்சு வார் குதிரையின் வயிற்றைச் சுற்றியது.
கால் வார்கள் அங்கவடிக்கு.
கை வார்களில் மருந்துப்பெட்டி.
இடுப்பு வார் மிச்சம். அதை இன்னும்
இருப்பில் காட்டிக்கொண்டிருக்கிறேன்.
மற்ற ஐந்துக்கு
'பயன்பட்ட விதம்' என்ற கட்டம் காலி.
தணிக்கைக்காரர் ஆகஸ்டில் வருகிறார்.

ஹா செபொத்தோக்காரர் இன்னும் வெளியில்தான் படுக்கிறார்.
சுவரிலிருந்து வாசல்வரை வந்திருக்கிறாராம்.
குழந்தைக்காரியைப் பற்றி நான் கேட்கவில்லை,
லிமகாட்சோவும் சொல்லவில்லை.
மொஹாபியின் வரிசையில் அவள் கையெழுத்து:
"ஊசி போட்டது.
குதிரையின் பெயர் என்ன என்று கேட்டான்."
அதற்குக் கீழே, அடுத்தடுத்த மாதங்களில்,
"ஊசி போட்டது."
"ஊசி போட்டது. சிரித்தான், காரணத்தோடு."

நேற்றுச் சாயங்காலம் கிடங்கைச் சாத்தும் நேரம்
நடந்தே வந்த களைப்போடு ஓர் ஆள்.
கம்பளியின் ஓரமெல்லாம் முள்.
எண்ணெய் இருக்கிறதா என்றான்.
எதற்கு?
கழுத்தில் கிடந்ததைக் கையில் எடுத்துக் காட்டினான்.
"மூன்று வருடம் மழையிலும் பனியிலும் கிடந்த பூட்டு.
சாவி உள்ளே போகிறது.
திரும்பமாட்டேன் என்கிறது."

பட்டியலில் எண்ணெய் இல்லை.
கத்தரிக்கோலுக்கு விடுகிற சின்னப் புட்டி இருந்தது.
பாதிக்குமேல் இருந்தது.